புகைக்கும் உரிமையும் மில் வகுத்த எல்லையும்

2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் புதிய விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அப்போது நான் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக் கொண்டிருந்தேன். இரு வகுப்புகளுக்கு இடையே ஆசிரியர் அறையின் சன்னலோரத்தில் நின்று ஒரு சிகரெட் பிடிப்பது என் நெடுநாள் வழக்கம். 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தாலும், எங்கள் அறையைப் பொருத்தவரை அது காகிதத்தில்தான் இருந்தது. காந்தி ஜெயந்தி விடுமுறை முடிந்து நாங்கள் திரும்பியபோது, கதவில் தடை அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அன்று சக ஆசிரியர்களிடம் நெடுநேரம் வாதிட்டேன். என் உடல், என் நுரையீரல், என் ஊதியத்தில் வாங்கிய சிகரெட். இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதற்குச் சாட்சியாக நான் அழைத்தது, ஆண்டுதோறும் பொருளாதாரச் சிந்தனை வரலாற்றுத் தாளில் நான் கற்பித்து வந்த ஜான் ஸ்டூவர்ட் மில்லை.

கல்லூரியில் பிடிக்க முடியாமற்போன சிகரெட்டுகளையும் சேர்த்து வீட்டில் பிடிக்கத் தொடங்கினேன். கீழ்பென்னாத்தூரில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கோடையில் திண்ணை; மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் கதவைச் சாத்திய முன்னறை. என் துணைவியாருக்கு ஏற்கெனவே இருந்த மூச்சிரைப்பு அந்தக் குளிர்காலத்தில் கடுமையானது. பரிசோதித்த மருத்துவர், வீட்டில் புகைபிடிப்பவர் உண்டா என்று கேட்டார். அவர் பிடிப்பதில்லை என்று நான் பதில் சொன்னேன். மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். அன்றிரவு வீடு திரும்பியதும் மில்லின் நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். நான் அழைத்த சாட்சி எனக்கு எதிராகவே சாட்சியம் சொல்லியிருந்தார். அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சாட்சியம் முழுமையாக விளங்கும் என்பதால், அதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1806-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் மில். தந்தை ஜேம்ஸ் மில், இந்தியாவைக் கண்ணால் காணாமலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தத்தின் நெருங்கிய நண்பர். தம் மூத்த மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பதின்மூன்று வயதில் பொருளாதாரம் என்று அந்தப் பாடத்திட்டம் அமைந்தது. விளையாட்டுத் தோழர்கள் இல்லை. தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அந்தச் சிறுவனின் கடமை. தனிமனித சுதந்திரத்துக்காக உலகம் நினைவுகூரும் ஒருவர், தமக்கென ஒரு மணி நேரமும் இல்லாத குழந்தைப் பருவத்தைக் கடந்து வந்தவர்.

பதினேழாம் வயதில், 1823-ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் தலைமையகத்தில் தந்தையின் கீழ் எழுத்தராகச் சேர்ந்தார். இந்தியாவுக்கு அனுப்பப்படும் அரசாங்கக் கடிதங்களை வரைவதே பணி. 35 ஆண்டுகள் அங்கேயே உழைத்து, கடிதப் போக்குவரத்துத் துறையின் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார். நம் நாட்டின் மன்னர்கள், நிலவரி, கல்வி பற்றியெல்லாம் அவர் பேனா எழுதியது. ஆனாலும் தந்தையைப் போலவே அவரும் ஒருமுறைகூட இந்திய மண்ணை மிதித்ததில்லை. 1858-இல் கம்பெனியின் ஆட்சி பிரிட்டிஷ் அரசின் கைக்கு மாறியபோது ஓய்வு பெற்றார்.

பணியில் சேர்ந்த காலத்திலேயே ஒரு நிகழ்ச்சி நடந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில், துணியில் சுற்றிக் கைவிடப்பட்ட ஒரு சிசுவின் உடலை அவர் கண்டார். வறுமையால் நேரும் இத்தகைய கொடுமைகளைத் தடுக்கக் கருத்தடை முறைகளை விளக்கும் துண்டறிக்கைகளை ஏழைகள் வாழும் பகுதிகளில் நண்பருடன் சேர்ந்து விநியோகித்தார். ஆபாசமான செயல் என்று கைது செய்யப்பட்டுச் சிறிது காலம் காவலில் இருந்தார். பொது நலனுக்கான செய்தி, ஒழுக்கத்தின் பெயரால் தடுக்கப்படுவதை இளமையிலேயே கண்டவர் அவர். அரசு தலையிடும் இடம், ஒதுங்கி நிற்கும் இடம் என்ற இரண்டையும் அவர் வாழ்நாள் முழுவதும் எடைபோட்டதற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம்.

இருபதாம் வயதில் அவர் மனம் உடைந்தது. தாம் நம்பிய சீர்திருத்தங்கள் அனைத்தும் நிறைவேறிவிட்டால் மகிழ்ச்சியாக இருப்போமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்ற பதில் உள்ளிருந்து வரக்கண்டு நிலைகுலைந்தார். பல மாதங்கள் நீடித்த அந்த இருளிலிருந்து அவரை மீட்டதில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதன் பிறர் வகுத்த அச்சில் வார்க்கப்படும் பொம்மையல்ல, தன் இயல்பின்படி வளர வேண்டிய உயிர் என்ற கருத்து அப்போதுதான் அவருள் வேர்கொண்டது. பின்னாளில் அவர் எழுதிய சுதந்திர நூலின் விதை அங்கே இருக்கிறது.

1830-ஆம் ஆண்டு ஹாரியட் டெய்லரைச் சந்தித்தார். ஹாரியட் அப்போது ஒரு மருந்து வணிகரின் மனைவி, குழந்தைகளின் தாய். அறிவால் பிணைந்த அந்த நட்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இலண்டன் சமூகம் புறம் பேசியது. மில் நண்பர்கள் பலரிடமிருந்து விலகி வாழ நேர்ந்தது. ஒருவருடைய தனிவாழ்வைத் துருவிப் பார்க்கும் ஊர்வாய்க்கு இரையானால் எப்படி இருக்கும் என்பது அவர் அனுபவித்து அறிந்தது. சட்டத்தின் கொடுமையைவிட ஊராரின் கண்டனம் ஆழமாக மனித வாழ்வை நெரிக்கக்கூடும் என்று பின்னர் அவர் வாதிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஹாரியட்டின் கணவர் 1849-இல் காலமானார். 1851-இல் மில்லும் ஹாரியட்டும் மணந்துகொண்டனர். அக்கால ஆங்கிலேயச் சட்டம், மனைவியின் உடைமை, உடல், நடமாட்டம் அனைத்தின் மீதும் கணவனுக்கு அதிகாரம் வழங்கியது. திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் மில் ஓர் உறுதிமொழியை எழுதிக் கையொப்பமிட்டார். சட்டம் தமக்குக் கொடுக்கும் அந்த அதிகாரத்தைத் தாம் ஏற்கவில்லை என்றும், ஒருபோதும் பயன்படுத்தப் போவதில்லை என்றும் அதில் பதிவு செய்தார். பெண்ணின் உரிமை பற்றி எழுதியவர் பலர்; தம் வீட்டு வாசலுக்குள்ளேயே அதைத் தொடங்கியவர் சிலரே.

அந்தக் குடும்பத்தைக் காசநோய் விடாமல் துரத்தியது. 1836-இல் தந்தையைக் கொண்டு சென்றது. 1840-இல் பத்தொன்பது வயதுத் தம்பி ஹென்றியைக் கொண்டு சென்றது. 1854-ஆம் ஆண்டளவில் மில்லுக்கும் அந்நோய் கண்டது. நல்ல காற்றைத் தேடி இத்தாலி, சிசிலி, கிரேக்கம் என்று பல மாதங்கள் அலைந்து, ஒருவாறு தேறினார். ஹாரியட்டின் நுரையீரலும் நலிந்திருந்தது. கம்பெனிப் பணியிலிருந்து விடுபட்ட மகிழ்ச்சியில் இருவரும் தென் பிரான்சை நோக்கிப் புறப்பட்டபோது, வழியில் அவிஞ்ஞோன் நகரத்து விடுதியில் 1858 நவம்பர் 3-ஆம் நாள் ஹாரியட் மூச்சுத் திணறி இறந்தார். மணவாழ்வு ஏழரை ஆண்டுகள்தான். கல்லறைக்கு அருகே ஒரு சிறு வீட்டை வாங்கி, ஹாரியட் உயிர்நீத்த அறையின் மேசை நாற்காலிகளையே அதில் வைத்துக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதியை மில் அங்கே கழித்தார்.

மறு ஆண்டே, ஹாரியட்டுக்குக் காணிக்கையாக, இருவரும் சேர்ந்து சிந்தித்துச் செதுக்கிய சுதந்திரம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அதன் மையக் கருத்து எளிமையானது. வயது வந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தச் சமூகத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: அவர் செயலால் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பது. அவருடைய சொந்த நன்மைக்காக அறிவுரை சொல்லலாம், மன்றாடலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. ஆசிரியர் அறையில் நான் மேற்கோள் காட்டியது இந்தப் பின்பாதியைத்தான். முன்பாதியை நான் வசதியாக விட்டுவிட்டேன்.

நூலின் கடைசி அத்தியாயத்தில் மில் கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டு வருகிறார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் கொண்டுவந்த மதுவிலக்கை அவர் எதிர்த்தார். குடிப்பதற்காக ஒருவரைத் தண்டிக்கலாகாது. குடித்துவிட்டுப் பணியில் நிற்கும் காவலரையும் போர்வீரரையும் தண்டிக்கலாம் என்றார். குடியால் குடும்பத்தைப் பட்டினி போடுபவர் தண்டனைக்குரியவர். அங்கே குற்றம் குடியன்று, கடமை தவறியது. நஞ்சு விற்பனை பற்றிய அவர் கருத்து இன்று படித்தாலும் வியப்பூட்டும். நஞ்சு என்று புட்டியில் எழுதி ஒட்டச் சொல்வது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. வாங்குபவர் தம் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விரும்ப மாட்டார் என்பது அவர் தருக்கம். 2009-ஆம் ஆண்டு மே 31 முதல் நம் புகையிலை உறைகளில் இடம்பெறும் எச்சரிக்கைப் படங்களுக்கும், 2016 ஏப்ரலில் உறையின் 85 விழுக்காட்டுப் பரப்பை அவற்றுக்கு ஒதுக்கிய விதிக்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நியாயம் எழுதி வைத்தவர் அவர்.

வரி பற்றி அவர் கூறியது பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டியது. ஒரு பொருளைக் கைக்கெட்டாமல் செய்யும் நோக்கத்துடன் மட்டுமே வரி விதிப்பது, மறைமுகத் தடையே ஆகும் என்று அவர் கருதினார். ஆனால் அரசு எதன் மீதாவது வரி விதித்தே தீர வேண்டும். அப்படியானால் அரிசியைவிட, உப்பைவிட, மனிதர் எளிதில் விட்டுவிடக்கூடிய, அளவு மீறினால் கேடு தரும் பொருள்களின் மீது விதிப்பதே முறை. போதைப் பொருள்களின் மீது வருவாய் உச்சத்தைத் தொடும் அளவுக்கு வரி விதிப்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு வாதமும் உண்டு. ஒருவர் தம்மை அடிமையாக விற்றுக்கொள்ளச் சுதந்திரம் உண்டா என்று கேட்டு, இல்லை என்கிறார் மில். சுதந்திரத்தையே துறப்பதற்கான சுதந்திரம் என்று ஒன்று இருக்க முடியாது. நிக்கோட்டினுக்கு அடிமையாதல் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை; அந்த வாதத்தை அவ்வளவு தூரம் நீட்டுவது என் பொறுப்பே தவிர அவருடையதன்று. ஆனால் முப்பது ஆண்டுகள் புகைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். காலையில் கண் விழித்ததும் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும்போது, தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

மில்லைக் குறையற்றவராகக் காட்டுவது நேர்மையாகாது. தம் கோட்பாடு முதிர்ச்சியடைந்த சமூகங்களுக்கே பொருந்தும் என்று எழுதி, நம்மைப் போன்ற மக்களை அதற்கு வெளியே நிறுத்தினார். கம்பெனியில் 35 ஆண்டுகள் பெற்ற ஊதியம் அந்தப் பார்வையைக் கூர்மையாக்கவில்லை. அதே நூலில், சீனாவுக்கு அபினி இறக்குமதி செய்வதைத் தடுப்பதும் வாங்குபவரின் சுதந்திரத்தில் தலையிடுவதே என்று குறிப்பிடுகிறார். வங்காளத்தில் அபினி உற்பத்தியைத் தன் முற்றுரிமையாக வைத்திருந்தது அவர் பணியாற்றிய அதே கம்பெனி. வாங்குபவரின் சுதந்திரத்தைப் பற்றி உரக்கப் பேசும் குரலுக்குப் பின்னால் விற்பவரின் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதை மில்லின் வாழ்க்கையிலிருந்தே நாம் கற்கலாம். புகையிலை வணிகத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

அன்றிரவு என்னைத் தடுத்து நிறுத்திய பகுதி வேறு. சுதந்திரம் என்ற சொல் மிகத் தவறாகப் பயன்படுத்தப்படும் இடம் குடும்பம் என்கிறார் மில். பிள்ளைகள் பெற்றோரின் உடலுறுப்புகள் போலவும், மனைவி கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவள் போலவும் கருதப்படுகின்றனர். அங்கே அரசு தலையிட்டால் ஊரே கொதித்தெழுகிறது. ஒருவர் தம்மைப் பொறுத்த செயல்களில் சுதந்திரமானவர். மற்றொருவர் வாழ்வைத் தம் விருப்பப்படி நடத்துவதற்கு, அதுவும் அவருடைய நன்மை தன் நன்மையே என்ற சாக்கில் நடத்துவதற்கு, அவருக்குச் சுதந்திரம் இல்லை. வீட்டுச் சுவர் அரசைத் தடுக்கலாம். தீங்கை நன்மையாக்கி விடாது.

1865-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1867-இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஆண் என்ற சொல்லை நீக்கி நபர் என்று மாற்றவேண்டும் என அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு 73 வாக்குகள் கிடைத்தன; தோற்றது. மறு ஆண்டுத் தேர்தலில் அவரும் தோற்றார். 1869-இல் பெண்களின் அடிமைநிலை பற்றிய நூல் வெளிவந்தது.

பொதுச் சுகாதாரத்துக்கும் அந்தரங்க உரிமைக்கும் இடையிலான மோதலில் மில் நேரடியாக இறங்கியது 1871-ஆம் ஆண்டில். படைவீரர்களிடையே பரவிய பால்வினை நோய்களைக் கட்டுப்படுத்தத் தொற்றுநோய்ச் சட்டங்கள் என்ற பெயரில் 1864 முதல் இங்கிலாந்தில் மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன. படைமுகாம் நகரங்களில் எந்தப் பெண்ணையும் சந்தேகத்தின் பேரில் காவலர் பிடித்து, கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தலாம். ஆண்களுக்குப் பரிசோதனை இல்லை. 1868-இல் அதே போன்ற சட்டம் இந்தியாவிலும் கொண்டுவரப்பட்டது. அரசு ஆணையத்தின் முன் சாட்சியமளித்த மில், இச்சட்டங்களைக் கடுமையாக எதிர்த்தார். நோய் தடுக்கப்பட வேண்டியதே. ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்து, வலியவரை விட்டுவிட்டு, எளியவரின் உடலின் மீது காவல்துறைக்கு அதிகாரம் வழங்குவது தகாது என்றார். அதோடு நிற்கவில்லை. உண்மையில் தீங்கு செய்பவர், நோயை வீட்டுக்குக் கொண்டு சென்று ஏதுமறியாத மனைவிக்குத் தொற்றவைக்கும் கணவர்தாம். சட்டம் கடுமை காட்ட வேண்டுமானால் அவரிடம் காட்டட்டும், அந்த மனைவிக்கு மணவிலக்கும் இழப்பீடும் கிடைக்கட்டும் என்றார். அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1886-இல், பிரிட்டன் அச்சட்டங்களை நீக்கியது.

1873 மே மாதத் தொடக்கத்தில், பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரேயுடன் தாவரங்களைத் தேடி நெடுந்தூரம் நடந்துவிட்டு வீடு திரும்பிய மில், சில நாள்களில் தோல்தொற்று நோய் கண்டு மே 7-ஆம் நாள் அவிஞ்ஞோனில் காலமானார். ஹாரியட்டின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1882-இல், காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தார். தம் வீட்டாரை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டு சென்ற நோய் ஒருவர் மூச்சிலிருந்து மற்றவர் மூச்சுக்குப் பரவியது என்பதை அறியாமலேயே மில் மறைந்தார்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் செய்தி இது. மில் வகுத்த கோடு மாறவில்லை. கோடு செல்லும் இடத்தை அறிவியல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் டாலும் ஹில்லும் எடுத்துக்காட்டியபோதுகூட, புகைப்பது புகைப்பவரின் சொந்த விவகாரம் என்று சொல்ல இடம் இருந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா அந்த இடத்தைப் பறித்தார். புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் அதிகம் புகைக்கும் வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருவதை அவர் வெளியிட்டார். அவர் கணக்கிட்டது மதுக்கடைப் புகையையோ தொழிற்சாலைப் புகையையோ அன்று, வீட்டுப் புகையை.

இந்தியாவில் இந்தக் கோட்டை முதலில் தெளிவாக வரைந்தவை நீதிமன்றங்கள். 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது புகைக்காதவரின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்று தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில் 2001 நவம்பர் 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, இரயில் ஆகியவற்றில் புகைபிடிப்பதைத் தடை செய்ய உத்தரவிட்டது. 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பில் மில்லின் நூலும் எடுத்துக்காட்டப்பட்டது. புகைத் தடையும் அந்தரங்க உரிமையும் அரசமைப்பின் ஒரே 21-ஆம் பிரிவிலிருந்து பிறந்தவை. ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக நிறுத்துவது சரியன்று.

மில்லின் அளவுகோலை நம் சட்டத்தின் மீது வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படும். பேருந்து நிலையம், அலுவலகம், உணவகம் ஆகியவற்றில் தடை முற்றிலும் நியாயம். அங்குள்ள காற்று ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது என்பதும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்பதும் நியாயமே. அவருடைய சுதந்திரக் கோட்பாடு வயது வந்தவருக்கே உரியது. ஆளில்லாத வயல் வரப்பில் நின்று பீடி புகைக்கும் முதியவரைத் திருத்துவது மருத்துவரின் வேலை, உறவினரின் வேலை, காவலரின் வேலையன்று.

சட்டத்தில் ஒரு சமனின்மையும் உண்டு. 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதியும், 30 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட உணவகமும், விமான நிலையமும் புகைப்போருக்குத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ பேருந்துக்காகக் காத்திருக்கும்போது பீடி பற்றவைக்கும் கூலித் தொழிலாளி 200 ரூபாய் வரை அபராதம் கட்டவேண்டும். அபராதத்தை நான் குறை கூறவில்லை. அருகில் கைக்குழந்தையுடன் நிற்கும் பெண்ணின் மூச்சுக்கு அது காவல். ஆனால் நட்சத்திர விடுதிப் பணியாளரின் நுரையீரலுக்கும் அதே காவல் வேண்டும். பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் எளியவர் மீது மட்டும் விழும் கை, 1871-இல் மில் எதிர்த்த அதே கைதான். அந்த விதிவிலக்கை நீக்குவதே நேர்மை.

கடினமான கேள்வி வீட்டைப் பற்றியது. உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, 2016-17-இல் இந்தியாவில் வயது வந்தோரில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் விடும் புகையைச் சுவாசித்தனர். இதற்காக வீட்டுக்குள் காவலர் நுழையவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புகையைத் தேடி வரும் கண் மற்றவற்றையும் பார்க்கும். அந்தரங்கம் ஒருமுறை உடைந்தால் முதலில் இழப்பவர் எளியவரே. ஆனால் அந்தரங்கம் யாருடையது என்ற கேள்வியையாவது நாம் கேட்டாக வேண்டும். வீட்டின் அந்தரங்கம் குடும்பத் தலைவரின் தனியுடைமையன்று. அதில் மனைவிக்கும் குழந்தைக்கும் முதிய தாய்க்கும் சம பங்கு உண்டு. அவர்கள் மூச்சைப் பறிக்கும் செயலை அந்தரங்கம் என்று அழைப்பது, அவர்களுடைய பங்கைத் திருடுவது. சட்டம் நுழையத் தயங்கும் இடத்தில் அறிவுறுத்தல் நுழையலாம். கருவுற்ற பெண்ணைப் பார்க்கவரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும், ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரும் வீட்டுப் புகையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கு மருந்தும் ஆலோசனையும் வட்டார மருத்துவமனையிலேயே கிடைக்கச் செய்யலாம்.

என் துணைவியாரிடம் பின்னர் ஒருநாள் கேட்டேன்: இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் வெளியே போய்ப் பிடியுங்கள் என்று ஏன் சொல்லவில்லை? வீடு உங்களுடையது ஆயிற்றே என்று அவர் சொன்னார். அதில் கோபமோ குத்தலோ இல்லை; அப்படித்தான் நம்பியிருந்தார். திருமணத்துக்கு முன்பே தம் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துத் துறந்த மில்லைப் பல்லாண்டுகள் வகுப்பில் போற்றிய நான், என் வீட்டில் அத்தகைய ஒரு தாளில் கையெழுத்திட்டதில்லை.

அந்த மாதமே புகைப்பதை நிறுத்தினேன். இருமுறை தவறி, மூன்றாம் முறை முழுவதுமாக. அவருடைய மூச்சிரைப்புக்கு என் புகைதான் காரணமா என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. முழுவதும் குணமாகவும் இல்லை. மார்கழி வந்தால் இப்போதும் அவருக்கு இரவில் இழுக்கும். அப்போது கதவைத் திறந்து வைக்கிறோம். குளிரத்தான் செய்கிறது, ஆனால் உள்ளே வருவது காற்று மட்டும்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), கீழ்பென்னாத்தூர்.)